கச்சான் காலத்தில் ஒரு எஸ்2000

கீழக்கரைத் தம்பி ஒருவரின் ஹோண்டா எஸ்2000 ஸ்போர்ட்ஸ் கார் என் பட்டறையில் நிற்கிறது. கூடவே ஒரு அட்டைப்பெட்டியில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் கிட் (சக்கரம் வழுக்கிச் சுற்றும்போது இன்ஜின் பவரைக் குறைக்கும் கருவி), வெளிநாட்டில் இருக்கும் சேக்காளி மூலமாக வரவழைத்தது. "அண்ணே, இதை மாட்டிக் கொடுத்துருங்க" என்று சாவியை வைத்துவிட்டுப் போனார். அன்றைக்குச் சாயங்காலம் அவருடைய வாப்பா போன் போட்டார். "தம்பி, இதை மாட்டுனா பய பத்திரமா இருப்பானா? அதை மட்டும் சொல்லுங்க."

அதை இரண்டு வரியில் சொல்ல முடியாது. டயர், மணல், உப்பு, வயரிங் என்று நாலையும் தொட்டுத்தான் சொல்ல வேண்டும். கடலோரத்தில் பவர் உள்ள வண்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

நான் இராமநாதபுரத்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது மண்டபம், பாம்பன் பக்கம் போய்ப் படகு வயரிங்கும் பார்ப்பேன். இந்தக் கார் விஷயத்தில் படகு வேலைதான் எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

முதலில் வண்டி. எஸ்2000 வந்தது 1999-இல். இரண்டு லிட்டர் இன்ஜின், டர்போ எதுவும் இல்லாமலே 240 குதிரைசக்தி, 9,000 ஆர்.பி.எம். வரை ஏறும். எடை சுமார் 1,250 கிலோதான். இழுவை பின்சக்கரத்தில். 6,000 ஆர்.பி.எம். பக்கம் வரும்போது வால்வைத் திறக்கும் கேம் மாறும், அதற்கு மேல் வேறு வண்டி. தம்பியின் வண்டி 2001 மாடல், சென்னையில் ஒருவரிடம் வாங்கியது. அவர் ஏற்கெனவே இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் சூப்பர்சார்ஜர் போட்டு, ஒரிஜினல் ஈசியுவை (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) எடுத்துவிட்டு வெளிக் கம்பெனி ஈசியு வைத்து ட்யூன் செய்திருக்கிறார். பவர் அளக்கும் டைனோ மெஷின் சீட்டில் பின்சக்கரத்தில் 300 குதிரைசக்திக்கு மேல் காட்டுகிறது. பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் உண்டு. டிராக்‌ஷன் கன்ட்ரோல் கிடையாது. ஹோண்டாவே 2006 மாடல் வரும்போதுதான் இந்த வண்டிக்கு வழுக்கல் தடுக்கும் கம்ப்யூட்டரைக் கொடுத்தது. அந்தக் கம்ப்யூட்டரோடுதான் எலக்ட்ரானிக் த்ராட்டிலும் வந்தது. இந்த வண்டியில் ஆக்ஸிலேட்டர் வெறும் கேபிள். கால் அமுக்கியதைக் கம்ப்யூட்டர் திரும்பத் தூக்கிவிட வழியே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பின்னால் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருக்கிறது, ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றிவிடாமல் இரண்டுக்கும் பவரைப் பங்கிடுவது. அது நல்ல விஷயம்தான். ஆனால் சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் வீணாகச் சுற்றும்போது மற்றது தரையைப் பிடித்திருக்கும். இதில் பிடி போனால் இரண்டும் சேர்ந்து போகும். இரண்டும் போனால் வால் வீசும்.

இனி ரோடு. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரை உள்ள 9.5 கிலோமீட்டர் ரோடு 2017-இல்தான் திறந்தது. அதற்கு முன் அங்கே வேன்காரர்கள் மணலிலும் தண்ணீரிலும்தான் ஆள் ஏற்றிப் போனார்கள். இப்போது வழவழப்பான தார், நேர் ரோடு, வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல். வெளியூர்க்காரர் பார்த்ததும் காலை அழுத்தத் தோன்றும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் அந்த ரோட்டை உள்ளூர்க்காரரிடம் கேட்டுப் பாருங்கள். தெற்கிலிருந்து மணல் தரையோடு தரையாக ஓடிவந்து தாரின் மேல் திட்டுத் திட்டாகப் படியும். காலையில் ஓர் இடத்தில் இருக்கும் திட்டு மத்தியானம் இருக்காது, இருபது அடி தள்ளிப் புதிதாக ஒன்று கிடக்கும். வெயில் உச்சியில் இருக்கும்போது மணலும் தாரும் ஒரே மாதிரி மினுக்கும், கண்ணுக்குப் பிரிந்து தெரியாது. வாடைக்காலத்தில் வடக்குப் பக்கத்திலிருந்து வரும், மழை வேறு. தாரின் மேல் மெல்லிசாகப் படிந்த மணலில் டயர் நிற்பது, சிமென்ட் தரையில் கொட்டிய கடுகின் மேல் கால் வைத்த மாதிரி.

மணல் மட்டும் இல்லை. இராமேஸ்வரத்திலிருந்து மண்டபம் வரைக்கும் மீன் லாரிகள் ஐஸ் தண்ணீரை ஒழுகவிட்டுக்கொண்டே போகும். உப்பும் மீன் கொழுப்பும் கலந்த அந்த ஈரம் வளைவில்தான் அதிகம் சிந்தும், லாரி சாய்வது அங்கேதானே. ஈசிஆரில் வாலிநோக்கம் பக்கம் உப்பு ஏற்றும் வண்டிகள். பாம்பன் ரோட்டுப் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று. ஒரே பயணத்தில் இத்தனை விதமான தரை.

இந்த ஊருக்கு டிராக்‌ஷன் கன்ட்ரோல் தேவையா என்றால், தேவை என்றுதான் சொல்வேன். கணக்குப் போட்டே காட்டலாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு 22 மீட்டர் போகிறது. பின்பக்கம் வழுக்குவதை உடம்பு உணர்ந்து கால் அசைய, நல்ல டிரைவருக்கே கால் வினாடி ஆகும். அதற்குள் ஐந்தரை மீட்டர் போயாச்சு. தனுஷ்கோடி ரோட்டில் பல மணல் திட்டுகள் அந்த நீளம்கூட இருக்காது. அதாவது கால் அசையும் முன்பே சக்கரம் மணலில் வெறிகொண்டு சுற்றி, அந்த வேகத்தோடே மறுபக்கம் சுத்தமான தாரில் ஏறிவிடும். ஆபத்து மணலில் இருப்பதைவிட, மணல் முடிகிற அந்தக் கோட்டில்தான் அதிகம். சுற்றிக்கொண்டிருக்கும் டயர் திடீரென்று பிடி கிடைத்ததும் வண்டியை உதறும். திட்டு ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் அகப்பட்டால் இன்னும் மோசம்.

இப்போது கம்ப்யூட்டரைப் பாருங்கள். நாலு சிலிண்டர் இன்ஜின் 6,000 ஆர்.பி.எம்.-இல் வினாடிக்கு 200 தடவை வெடிக்கிறது. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் வண்டி நகர்வது 11 சென்டிமீட்டர். சக்கர வேகத்தைப் படித்து, இது ஸ்லிப்தான் என்று முடிவுக்கு வர அதற்கும் கொஞ்ச நேரம் ஆகும். ஆனாலும் திட்டு முடிவதற்குள் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தவோ நிறுத்தவோ அதால் முடியும். மனுசக் காலால் முடியாது. இதில் வீரத்துக்கு இடம் இல்லை, உடம்பின் வேகம் அவ்வளவுதான்.

"நல்லா ஓட்டத் தெரிஞ்சவனுக்கு இதெல்லாம் எதுக்கு? ஃபார்முலா ஒன்லயே தடை பண்ணிட்டாங்களே" என்று தம்பியின் சேக்காளிகள் சொல்கிறார்களாம். தடை உண்மைதான். 1994-இல் தடை செய்தார்கள், 2001-இல் ஸ்பெயின் ரேஸிலிருந்து மறுபடி அனுமதித்தார்கள், 2008-இல் எல்லா அணிக்கும் ஒரே ஈசியு கொடுத்துத் திரும்பத் தடுத்தார்கள். ஏன் தடுத்தார்கள்? அது வேலை செய்யாததால் இல்லை, மிக நன்றாக வேலை செய்ததால். டிரைவரின் கால் திறமையை அளப்பது ரேஸ், அதனால் எடுத்தார்கள். நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணியில் ஓட்டியபோது டிராக்‌ஷன் கன்ட்ரோல் அனுமதி இருந்த காலம், 2011-இல் எச்ஆர்டி-யில் ஓட்டியபோது இல்லாத காலம். இரண்டிலும் ஓட்டியவர். ஆனால் அவர் ஓட்டிய டிராக்கில் ஆடு குறுக்கே வராது, மணல் படிந்தால் கூட்டிவிட ஆள் இருக்கும், சறுக்கினால் போய் விழ இடம் விட்டிருப்பார்கள். அரிச்சல்முனை ரோட்டில் சறுக்கினால் போய் விழும் இடத்தில் குடும்பத்தோடு நிற்பவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். கால் திறமையைச் சோதிக்க ஆசைப்படும் தம்பிகள் கோவை செட்டிப்பாளையம் ரேஸ் டிராக்குக்கோ இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கோ வண்டியைக் கொண்டு போங்கள். அங்கே சுவிட்சை அணைத்துவிட்டு ஓட்டுங்கள், நானே கைதட்டுவேன்.

தேவை என்று சொன்னேன். ஆனால் தம்பி கொண்டுவந்த அந்தப் பெட்டி வேண்டாம்.

அந்தக் கிட் வேலை செய்யும் விதம் இது: பெட்ரோல் தெளிக்கும் நாலு இன்ஜெக்டரின் வயரையும் வெட்டி, நடுவில் பெட்டியை நுழைக்க வேண்டும். சக்கரம் வழுக்கினால் பெட்டி ஒவ்வொரு சிலிண்டராகப் பெட்ரோலை நிறுத்தும். ஒரிஜினல் ஈசியு உள்ள வண்டிக்கு ஒரு காலத்தில் இதை விட்டால் வழி இல்லை. நல்ல யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வண்டியில் ஈசியு வேறு, பெட்டி வேறு, ஒன்று செய்வது மற்றதுக்குத் தெரியாது. ஒரு சிலிண்டருக்குப் பெட்ரோல் நின்றால் அதிலிருந்து வெறும் காற்று சைலன்சருக்குப் போகும். ஆக்ஸிஜன் சென்சார் அதைப் பார்த்து "பெட்ரோல் பத்தவில்லை" என்று சொல்லும். அந்த நேரத்தில் ஈசியு சென்சார் பேச்சைக் கேட்டுத் திருத்திக்கொண்டிருந்தால், மற்ற சிலிண்டருக்கெல்லாம் கூடுதலாக ஊற்றும். சூப்பர்சார்ஜர் போட்ட இன்ஜினில் கலவை இப்படித் தாறுமாறாகப் போவதை நான் விரும்ப மாட்டேன்.

அவர் வண்டியில் இருக்கும் வெளி ஈசியுவிலேயே டிராக்‌ஷன் கன்ட்ரோல் வசதி இருக்கிறது. முன் ஓனர் அதைத் திறக்கவே இல்லை. நாலு சக்கரத்தின் வேகத்தை மட்டும் கொண்டுவந்து கொடுத்தால் போதும். அது முதலில் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தி பவரைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால்தான் சிலிண்டரை நிறுத்தும். வளைவின் நடுவில் பவர் வெடுக்கென்று அறுந்து போகாமல் மெதுவாக இறங்கும். தான் எதை நிறுத்தினோம் என்று ஈசியுவுக்கே தெரியும் என்பதால் அந்த நேரத்தில் ஆக்ஸிஜன் சென்சார் பேச்சைக் கேட்காமல் இருக்கும்படி வைக்கலாம். கேபிள் த்ராட்டில் வண்டிக்கு இதுதான் உள்ளதில் நல்ல வழி.

சரி, சக்கர வேகத்தை எங்கிருந்து எடுப்பது? இங்கேதான் உப்பு வருகிறது.

ஏபிஎஸ் சென்சார் நாலு சக்கரத்திலும் இருக்கிறது. சக்கரத்தோடு சுற்றும் பல் வளையம், அதற்கு எதிரே காந்தமும் சுருளும். பல் கடக்கும்போதெல்லாம் சுருளில் சின்னக் கரன்ட் பிறக்கும். மெதுவாகச் சுற்றினால் கரன்ட் ரொம்பச் சிறுசு, வேகமாகச் சுற்றினால் பெரிசு. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றி, அந்தக் கரன்ட்டை அலையாகத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் நாலையும் பார்த்தேன். மூன்று சக்கரத்தில் அலை ஒழுங்காக வருகிறது. இடது பின்சக்கரத்தில் ஒரு சுற்றுக்கு ஒரு இடத்தில் அலை சுருங்குகிறது. வளையத்தின் அடியில் துரு கிளம்பி அந்த இடத்தைத் தூக்கியிருக்கிறது, பல் ஓரம் தின்று போயிருக்கிறது. ஏபிஎஸ் இதைச் சகித்துக்கொண்டு விளக்குப் போடாமல் இருந்திருக்கிறது. டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கு ஐந்து, பத்து சதவீத வித்தியாசம்தான் முக்கியம். இந்தச் சென்சாரை நம்பி மாட்டினால், வழுக்காத சக்கரத்தை வழுக்குவதாக நினைத்து, லாரியை ஓவர்டேக் பண்ணும் நேரத்தில் பவரைப் பிடுங்கும். பவர் உள்ள வண்டியில் பவர் இல்லாமல் போவதும் ஆபத்துதான்.

வயரும் அப்படித்தான். சென்சார் கப்ளரைப் பிரித்ததும் செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு. வெளியே பார்த்தால் பிளாஸ்டிக் புதுசு மாதிரி இருக்கும். உள்ளே உப்பீரம் கம்பியோடு கம்பியாக ஒரு சாண் தூரம் ஏறியிருக்கும். படகில் இதை வருசா வருசம் பார்க்கிறேன். அதனால் படகுக்குப் போடுகிற வெள்ளீயம் பூசிய செம்பு வயரைத்தான் இந்தக் காருக்கும் போடப் போகிறேன். மூட்டுக்கெல்லாம் உள்ளே பசை வைத்த சுருங்கு குழாய், கப்ளருக்குள் கிரீஸ், எர்த் பாயின்ட் எல்லாம் சுரண்டிப் புதிதாக. கடலோரத்தில் கார் வயரிங் செய்யும் தம்பிகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: சாதா வயர் போட்டால் வேலை முடிகிற அன்றைக்கு எல்லாம் ஓடும், ரெண்டு வாடைக்காலம் தாண்டாது.

இன்னொன்று, இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஏபிஎஸ் சென்சார் வயரில் சும்மா ஒரு கிளை எடுத்து ஈசியுவுக்குக் கொடுத்தால் அந்தச் சின்ன சிக்னல் இரண்டாகப் பங்கு போகும். குறைந்த வேகத்தில் ஏபிஎஸ்ஸுக்குப் போதாமல் போகலாம். வழுக்கலைத் தடுக்கப் போய் பிரேக்கைக் கெடுத்த கதையாகிவிடும். கிளை எடுக்கும் இடத்தில் சிக்னலை உறிஞ்சாத சிக்னல் கண்டிஷனர் சர்க்யூட் ஒன்று வைத்து, அதன் வழியாகத்தான் ஈசியுவுக்குக் கொடுக்க வேண்டும். மாட்டுவதற்கு முன்பும் பின்பும் அதே ஸ்கோப்பில் அதே வேகத்தில் அலையைப் பார்த்து, அலை சுருங்கவில்லை என்று தெரிந்தால்தான் வண்டி வெளியே போகும். ஏபிஎஸ்ஸா டிராக்‌ஷன் கன்ட்ரோலா, ஒன்றுதான் என்றால் யோசிக்காமல் ஏபிஎஸ்ஸைத் தேர்ந்தெடுங்கள்.

டயர் பற்றிச் சொல்லாமல் விட்டால் இதெல்லாம் வீண். தம்பி வண்டியின் பின் டயரில் பட்டன் நிறைய இருக்கிறது, பார்த்தால் புதுசு. பக்கச் சுவரில் நாலு இலக்கம் தேடினேன்: 3814. அதாவது 2014-ஆம் வருசம் 38-ஆவது வாரம் செய்தது. நம்ம வெயிலில் இத்தனை வருசம் நின்ற ரப்பர் நகத்தால் அழுத்தினால் பதியாது. டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கும் பிடியை வீணாக்காமல் பார்த்துக்கொள்ளுமே தவிர, இல்லாத பிடியை உண்டாக்காது. முதல் செலவு டயருக்குத்தான். நாலையும் ஒரே கம்பெனி, ஒரே மாடலில் மாற்றச் சொல்லியிருக்கிறேன். முன்னே 205/55, பின்னே 225/50, 16 அங்குலம். இந்த இரண்டு சைஸின் மொத்த உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் முன்-பின் வேகக் கணக்கும் நேராக வரும். சிலர் பின்னால் பெரிய சக்கரம் போட்டுவிட்டு ஈசியுவில் திருத்தாமல் விடுகிறார்கள். பின்சக்கரம் பெரிசானால் மெதுவாகச் சுற்றும், உண்மையாக வழுக்கும்போதும் வழுக்கவில்லை என்றே கம்ப்யூட்டர் நினைக்கும்.

வாப்பாவுக்குச் சொன்ன பதில் இதுதான். ஆக்ஸிலேட்டரை அமுக்கியதால் வரும் சறுக்கலை இது தடுக்கும். வளைவுக்குள் வேகமாக நுழைந்தால் தடுக்காது. வளைவில் பயந்து காலை வெடுக்கென்று எடுத்தால் இந்த வண்டியின் வால் வீசும், அதையும் தடுக்காது. அதற்கெல்லாம் வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது, ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனியாகப் பிரேக் போடுகிற ஈஎஸ்பி வேண்டும். 1995-இல் மெர்சிடிஸில் போஷ் கொண்டுவந்தது அது. அதை வெளியிலிருந்து வாங்கி இந்த வண்டியில் பொருத்துவது என் பட்டறையில் ஆகிற காரியம் இல்லை. "அப்ப பாதி பத்திரம்னு சொல்லுங்க" என்றார். ஆமாம் என்றேன். மீதிப் பாதிக்குப் பிள்ளையை ஒரு தடவை கோவைக்கு அனுப்பி, டிராக்கில் வண்டியின் வால் எப்போது வீசும் என்று தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள் என்றேன். ஒத்துக்கொண்டார்.

செட்டிங்கில் 10 சதவீத ஸ்லிப்பில், அதாவது பின்சக்கரம் வண்டியின் வேகத்தைவிடப் பத்து சதவீதம் கூடுதலாகச் சுற்றும் அளவில், தொடங்கப் போகிறேன். காய்ந்த தாரில் டயர் உச்சப் பிடியைக் கொடுப்பது பத்துக்கும் இருபதுக்கும் நடுவில்தான். ரேஸ்காரர் மேலே போவார், ரோட்டுக்குக் கீழ்முனை போதும். மழைக்கு இன்னும் குறைத்து ஒரு நிலை. அணைக்கிற சுவிட்சும் கட்டாயம் வைப்பேன், காரணம் அதே மணல். ரோட்டோரம் ஒதுக்கப் போய்ப் பொதபொதவென்ற மணலில் இறங்கிவிட்டால் சக்கரம் கொஞ்சம் சுற்றினால்தான் வண்டி நகரும். டிராக்‌ஷன் கன்ட்ரோல் அங்கே சுற்றவே விடாமல் இன்ஜினை அமுக்கி அதே இடத்தில் நிறுத்தும். அணைத்துவிட்டு மெதுவாக வெளியே எடுக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறை சாவி போடும்போதும் தானாகவே ஆனுக்கு வந்துவிட வேண்டும், அணைத்ததை மறந்துவிட்டு யாரும் தாரில் ஏறக் கூடாது.

சட்டப் பக்கம் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி செய்ததற்கு மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. டிராக்‌ஷன் கன்ட்ரோலைவிட அந்தச் சூப்பர்சார்ஜர்தான் கேள்விக்கு வரும். இன்சூரன்ஸுக்கு இரண்டையும் எழுத்தில் சொல்லிவிடுங்கள் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். மறைத்தால் கிளைம் நேரத்தில் வாயைத் திறக்க முடியாது.

இப்போதைக்குக் கிட் பெட்டியை ஒட்டு பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அனுப்பிய இடத்துக்கே போகட்டும். டயருக்குச் சொல்லியாச்சு. இடது பின்சக்கரத்துக்குப் பல் வளையம்தான் தட்டுப்பாடு. இங்கே தனியாகக் கிடைக்கவில்லை, ஹப்போடு முழுசாக எடுங்கள் என்கிறார்கள். எஸ்2000 வைத்திருக்கும் யாராவது அதைத் தனியாக வாங்கியிருந்தால் எங்கே கிடைத்தது என்று எழுதுங்கள். அது வந்து சேர்ந்தால் வயரிங்கைத் தொடங்கிவிடுவேன்.